டர்பனில் ப்ரோக்கோலி: நாற்றோடு வீட்டுக்கு வந்த நோய்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டுத்தோட்டத்தில் ப்ரோக்கோலி போடப் போகிறவர்கள் குரங்கைப் பற்றியும் புழுவைப் பற்றியும் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாற்றைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு பருவம் முழுசாகப் போனது, கிட்டத்தட்ட 3,000 ரேண்ட் போனது, நான் பார்த்துப் பார்த்துத் திருத்திய பாத்தி வருஷக்கணக்கில் கோஸ் வகை எதற்கும் ஆகாமல் போனது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முட்டைக்கோஸும் சேர்ந்து போனதுதான் இன்னும் மனசில் உறுத்துகிறது. நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன்.

நான் தேனிப் பக்கத்துக்காரி. கணவரின் வேலைக்காக இங்கே வந்து சாட்ஸ்வொர்த்தில் வாடகைக்கு இருக்கிறோம். பிறகு அவருக்கு ரிச்சர்ட்ஸ் பேயில் வேலை மாறியதால் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு சாயந்திரம் கிளம்பிவிடுவார். வாரம் முழுக்க நானும் மகனும்தான். வீட்டுக்குப் பின்னால் சரிவான நிலம், ஒரு அவகாடோ மரம், ஒரு கறிவேப்பிலை மரம். மகன் காய்கறியில் ப்ரோக்கோலியை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். கடையில் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கும் பூ பாதி நாள் மஞ்சளடித்துக் கிடக்கும், விலையும் நான் வாங்கும் இடத்தில் 30 ரேண்டுக்குக் குறையாது. நாமே போட்டால் என்ன என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. இந்த ஊரில் காய்கறி போடுவது நம் ஆட்களுக்குப் புதுசும் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டம் டர்பனில் இறங்கியது. அதன் பின்னால் வந்தவர்களிலும் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலர் குத்தகை நிலத்தில் காய்கறி போட்டு நகரத்துக்கு விற்றுப் பிழைத்தார்கள். வார்விக் பக்கம் 1910இலிருந்து நடக்கும் அதிகாலைச் சந்தை அவர்கள் கையில் வளர்ந்தது. என் தெருவிலேயே தாத்தா காலத்தில் தோட்டம் வைத்திருந்து, இனவாரியாக இடம் பிரித்த சட்டத்தால் நிலத்தை விட்டு இங்கே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் பட்டம். தமிழில் வரும் வீட்டுத்தோட்டக் குறிப்புகள் எல்லாம் ஆவணி, புரட்டாசியில் விதை போட்டு தை, மாசிக்குள் அறுவடை என்றுதான் சொல்லும். இங்கே அப்படியே தலைகீழ். ஆவணி, புரட்டாசியில் இங்கே குளிர் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்துவிடும், அப்போது நட்டால் பூ இறுகாது, சீக்கிரம் மஞ்சளாக விரிந்துவிடும். ப்ரோக்கோலிப் பூ நன்றாகக் கட்ட 15லிருந்து 20 டிகிரி வரை இருந்தால் நல்லது. டர்பனில் அதற்குக் கிட்டத்தில் வருவது ஜூன், ஜூலைதான்: பகலில் 22, 23 டிகிரி, விடிகாலையில் 11, 12. நம்ம திருவிழாக் கணக்கில் சொன்னால் மனசில் நிற்கும். தைப்பூசக் காவடிக்கு ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில் இருக்கும், அப்போது விதை எடுக்கவே எடுக்காதீர்கள். மார்ச்சில் குழித்தட்டில் விதை. புனித வெள்ளியை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் திருவிழா நடக்குமே, அது முடிந்த கையோடு நடவு. கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றும்போது பூ அறுவடைக்கு வந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்த நமக்கு ஆடியில் அறுக்கிறது என்றால் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகிறது.

முதல் வருஷம் நான் விதை போடவில்லை. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு நர்சரியில் ஆறு நாற்று கொண்ட தட்டு 40 ரேண்ட் என்று பத்துத் தட்டு வாங்கினேன். மார்ச் நடுவில் நடலாம், இதுதான் சரியான சமயம் என்று அவர்களே சொன்னார்கள். நாற்று பார்க்கப் பச்சைப் பசேலென்று இருந்தது. பாத்திக்கு கம்போஸ்ட் மூட்டை 550, பக்கத்துத் தெருக்காரர் பேக்கி வண்டியில் கொண்டுவந்து இறக்கிய மாட்டெரு 200, குரங்குக்காகக் கோழிவலையும் கம்பும் 900. வார இறுதியில் கணவர் கம்பு ஊன்றிக் கொடுத்தார், மற்ற எல்லாம் நான் ஒருத்தியாகவே செய்தேன். 60 நாற்றும் பிடித்துக்கொண்டன. மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்ப்பான். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

அந்த மார்ச் மாதக் கடைசியில் விடாமல் மழை, மழை விட்டால் புழுக்கம். ஒருநாள் கீழ் இலைகளின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. சாதாரணமாக வயசான இலை பழுப்பதைப் போல முழு இலையும் மஞ்சளாகவில்லை. இலை ஓரத்திலிருந்து முக்கோணமாக உள்ளே போனது, கூர்முனை நடுநரம்பைப் பார்த்தபடி. வெளிச்சத்துக்கு எதிரே இலையைத் தூக்கிப் பிடித்தால் அந்த மஞ்சளுக்குள் நரம்புகள் மட்டும் கறுப்பாக, மெல்லிய வலை விரித்தாற்போலத் தெரிந்தன. இந்த அடையாளத்தை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்துக் குறைவென்றால் கீழ் இலை மொத்தமாக வெளிறும். புழு என்றால் ஓட்டை இருக்கும். ஓரத்தில் முக்கோண மஞ்சளும் உள்ளே கறுத்த நரம்பும் சேர்ந்து வந்தால் உரம் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

நான் படம் எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனேன். தண்ணீர் அதிகமாக ஊற்றுகிறீர்கள், பூஞ்சாணம் என்று சொல்லி 190 ரேண்டுக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். சொன்னபடி அடித்தேன். மஞ்சள் நிற்கவில்லை. மறுபடி போனதும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூள், 150 ரேண்ட். அதையும் அடித்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் புதுசாக நாலைந்து செடியில் மஞ்சள். ஓரத்து மஞ்சள் பழுப்பாகிக் காய்ந்து, இலை கீழே விழும், தண்டு மட்டும் நிற்கும். சில செடிகளில் பூ கட்ட ஆரம்பித்து எலுமிச்சை அளவில் நின்றது. மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனாலே முட்டைக்கோஸ் அழுகின வாடை. இரவில் மகனைத் தூங்க வைத்துவிட்டு மொபைலில் இலைப் படங்களாகத் தேடிக்கொண்டிருப்பேன். வாரக் கடைசியில் வரும் மனுஷரிடம் செடியைப் பற்றி என்ன புலம்புவது என்று சொல்லாமலே இருந்தேன். ஊருக்கு அம்மாவிடம் பேசும்போதும் தோட்டம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். அந்த வாரங்களில் எனக்கு இருந்தது வெறும் கவலை மட்டும் இல்லை. நான் தொட்டது எதுவும் விளங்காது என்கிற எண்ணம். அதைத்தான் இன்னொருவர் அனுபவிக்கக் கூடாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த நோய்க்கும் என் கைராசிக்கும் சம்பந்தமே இல்லை.

விஷயம் பிடிபட்டது அதிகாலைச் சந்தையில். ஒரு செடியை வேரோடு பிடுங்கி செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அங்கே கீரை விற்கும் ஒரு ஆயா, அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் காய்கறிதான். இலையை நீட்டினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. "எலையைப் பாத்து என்ன தெரியும், தண்டைக் கொண்டா" என்று வாங்கி, கோஸின் மேல் இலை வெட்டும் கத்தியால் தண்டின் அடியில் குறுக்கே ஒரே வெட்டு. வெட்டின முகத்தை எனக்குக் காட்டினார். நடுவில் வெளுத்த சோறு, அதைச் சுற்றி வட்டமாகக் கறுப்புப் புள்ளிகள், ஊசியால் குத்தி மை வைத்த மாதிரி நெருக்கமாக. "இது மருந்துக்கு அடங்காதும்மா. வேரோட புடுங்கிப் போடு. அந்த எடத்துல ரெண்டு மூணு வருசத்துக்குக் கோஸு, முள்ளங்கி, கடுகு எதுவும் வெக்காத. பீன்ஸு போடு, வெங்காயம் போடு." காசு கொடுத்து வாங்கிய இரண்டு மருந்தும் சொல்லாததை அந்த வெட்டு சொல்லிவிட்டது. உங்கள் செடியில் சந்தேகம் வந்தால் முதல் வேலையாக ஒன்றைத் தியாகம் செய்து தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுப்பு வளையம் இருந்தால் மருந்துக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

இதன் பெயர் கருப்பு அழுகல். பூஞ்சாணம் அல்ல, சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்கிற பாக்டீரியா. விதையிலேயே ஒட்டிக்கொண்டு வரும். 10,000 விதையில் 3 விதையில் இருந்தாலே ஒரு வயல் முழுக்கப் பரவப் போதும் என்பது இந்த நோயை ஆராய்ந்தவர்கள் சொல்லும் கணக்கு. நர்சரியில் ஆயிரக்கணக்கான நாற்றை நெருக்கி வைத்து மேலிருந்து தண்ணீர் தெளிக்கும்போது ஒன்றிலிருந்து பக்கத்துத் தட்டுகளுக்கெல்லாம் தெறித்துப் போய்விடும். எப்படி உள்ளே நுழைகிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விடிகாலையில் ப்ரோக்கோலி இலையின் ஓரத்தில் வரிசையாக நீர்த்துளி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது எல்லாமே பனி இல்லை. வேர் உறிஞ்சிய தண்ணீரைச் செடி இலை ஓரத்துத் துளைகள் வழியே வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறும்போது அந்தத் துளியில் கொஞ்சம் திரும்ப உள்ளே போகும். பாக்டீரியா அந்தத் துளியோடு சேர்ந்து நரம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் மஞ்சள் எப்போதும் ஓரத்திலிருந்தே தொடங்குகிறது. 25லிருந்து 30 டிகிரியும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம், டர்பனின் மார்ச் மாதம் அதுவேதான். குளிர்ந்த இடத்தில் வளர்த்த நாற்று நோயைச் சுமந்துகொண்டே எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கும். காப்பர் மருந்து பரவும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நரம்புக்குள் போய்விட்டதை ஒன்றும் செய்யாது.

அந்த ஞாயிறு எல்லாச் செடியையும் பிடுங்கினோம். நோய்ப்பட்ட செடியைக் கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். வீட்டுக் குழி அந்த அளவுக்குச் சூடாகாது, இலையும் தண்டும் முழுசாக மட்கும்வரை பாக்டீரியா அதில் உயிரோடு இருக்கும். நாங்கள் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டோம். மண்வெட்டி, கத்தரிக்கோல் எல்லாம் ஜிக் என்கிற ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து முக்கி எடுத்தோம். பிறகுதான் கஷ்டமான வேலை. எங்கள் நிலம் சரிவு, மழைத்தண்ணீர் எங்கள் பாத்தி வழியாக வேலிக்குக் கீழே ஆன்ட்டியின் தோட்டத்துக்குத்தான் இறங்கும். அவருக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தூக்கமில்லை. போய்ச் சொன்னேன். அவருடைய முட்டைக்கோஸில் அப்போதே ஓரம் மஞ்சளாகியிருந்தது. அவர் என்னைக் கோபிக்கவில்லை, எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் செடிகளைப் பிடுங்கப் போனார். நீங்களும் நோய் தெரிந்த அன்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள், ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் அவர் பாதியையாவது காப்பாற்றியிருப்பார்.

நர்சரிக்கு வெட்டின தண்டோடு போனேன். உங்கள் மண்ணில் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மண்ணில் கோஸ் வகை எதுவும் அதற்கு முன் போட்டதில்லை என்று சொன்னேன், எடுபடவில்லை. இங்கே 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் செடி விஷயத்தில் குறை வாங்கும்போதே இருந்தது என்று காட்ட நம் கையில் ஏதாவது வேண்டுமே. அதனால் நாற்று வாங்கியே தீர வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பில்லையும் தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், வாங்கிய அன்றே அடி இலை தெரியும்படி படம் எடுங்கள். அடியில் உள்ள முதல் ஜோடி வித்திலையைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அதன் ஓரம் கறுத்தோ சுருங்கியோ இருந்தால், அல்லது யாரோ கிள்ளி எடுத்துவிட்ட மாதிரி இருந்தால், அந்தத் தட்டு மட்டும் இல்லை, அந்த மேசையே வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே பாத்திக்குப் போகாமல் தனியாக ஒரு மூலையில் வெதுவெதுப்பான இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வைத்து, அடியில் மட்டும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நோய் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே முகம் காட்டிவிடும். தட்டின் அடியில் வேர் பின்னிக்கொண்டு வெளியே தள்ளும் முற்றின நாற்றையும் தொடாதீர்கள், அது நட்ட பிறகு வளராமல் சின்னப் பொத்தான் பூ காட்டி முடிந்துவிடும்.

அடுத்த வருஷம் விதையிலிருந்தே தொடங்கினேன். விதையைச் சுடுதண்ணீரில் நனைத்து நோயைக் கொல்வது பழைய முறை, விவசாயத் துறைகள் பரிந்துரைப்பதும் அதுதான். ப்ரோக்கோலிக்கு 50 டிகிரியில் 20 நிமிஷம். இரண்டு மூன்று டிகிரி ஏறினால் விதை செத்துவிடும், இறங்கினால் பாக்டீரியா சாகாது. அடுப்பில் வைத்துக் கரண்டி போட்டுக் கிண்டிப் பார்த்தபோது சூடு ஒரு நிலையில் நிற்கவே இல்லை. நல்ல ஃப்ளாஸ்க்கில் செய்தால் நிற்கிறது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று 150 ரேண்டுக்கு வாங்கினேன், இந்த முழுக் கதையிலும் உருப்படியான செலவு அது. விதையை மஸ்லின் துணியில் தளர்வாக முடிந்து, முதலில் 37 டிகிரி வெந்நீரில் 10 நிமிஷம் வைத்து விதையைச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். ஃப்ளாஸ்க்கை முன்னாலேயே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்திருந்து, அதில் 50 டிகிரித் தண்ணீர் நிரப்பி முடிச்சை உள்ளே விட்டு, அவ்வப்போது மெதுவாக அசைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 20 நிமிஷம் ஆனதும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். மருந்து பூசிய கலர் விதைக்கும், உருண்டையாக மேல்பூச்சு கொடுத்த விதைக்கும் இதைச் செய்யக் கூடாது. பழைய விதை இந்தச் சூட்டைத் தாங்காது. கொஞ்சம் விதையில் செய்து, முளைக்கிறதா என்று ஈரத் துணியில் பார்த்துவிட்டுப் பிறகு மீதியைச் செய்யுங்கள். எனக்குப் பத்தில் எட்டு முளைத்தது.

பாத்தியை அந்தச் சரிவின் மேல் பக்கம், பழைய இடத்துத் தண்ணீர் வந்து சேராத இடத்துக்கு மாற்றினேன். மண்ணையும் இந்தத் தடவை பரிசோதனைக்கு அனுப்பினேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் செடாராவில் மாகாண விவசாயத் துறையின் மண் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டி அனுப்பலாம். எங்கள் மண்ணின் பிஹெச் 5.2 என்று வந்தது. ப்ரோக்கோலிக்கு 6லிருந்து 7க்குள் இருக்க வேண்டும். புளிப்பு மண்ணில் மாலிப்டினம் என்கிற நுண்சத்து இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது, குருத்து இலை அகலமே இல்லாமல் வெறும் நரம்பாகச் சாட்டை மாதிரி நீளும், பூ கட்டாது. அந்தத் தாளில் சொன்ன அளவு டோலமைட் சுண்ணாம்பை நடவுக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுக் கொத்திவிட்டேன். நட்ட பிறகு சுண்ணாம்பு தூவிப் பயனில்லை, அது மண்ணில் கரைந்து வேலை செய்ய நாள் பிடிக்கும். மழை அடித்துக் கழுவிய மணல் பாங்கான நிலமென்றால் போரானும் குறைவாக இருக்கும், தண்டு நடுவில் பொக்கையாகிப் பழுப்படிக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம் போராக்ஸைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். கூடினால் செடிக்கு விஷம், ஆகவே கண்ணளவில் போடாதீர்கள்.

பூச்சி, குரங்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஏற்பாடு செய்தேன். இங்கத்து வெர்வெட் குரங்கு ப்ரோக்கோலியின் நடுக்குருத்தை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டுப் போகும், குருத்துப் போனால் அந்தச் செடியில் பெரிய பூ கிடையாது. பழைய கோழிவலையை வெளியே விட்டு, உள்ளே வளைத்த பிவிசி குழாயின் மேல் கல்யாணத் துணிக்கடையில் கிடைக்கும் மெல்லிய வலைத்துணியைப் போர்த்தினேன். வைரமுதுகு அந்துப்பூச்சி உள்ளே வந்து முட்டை வைக்காமல் இருக்க அந்த நெருக்கமான வலைதான் வேண்டும். 1953இலேயே ஜாவாவில் டிடிடி பூச்சிமருந்துக்கு அடங்காமல் போன பூச்சி அது, அதன் பிறகு வந்த மருந்துகள் பலவற்றுக்கும் பழகிவிட்டது. தப்பித் தவறிப் புழு தெரிந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் கலந்த உயிரிமருந்தைச் சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்கலாம். இன்னொன்று பக்ராடா நாவாய்ப்பூச்சி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சும் வெள்ளையும் புள்ளி போட்டது, ஊரில் கடுகு வயலில் பார்த்திருப்பீர்கள். இது நாற்றின் குருத்தில் சாறு உறிஞ்சி, பூ வராதபடி குருடாக்கிவிடும். மற்ற நாவாய்ப்பூச்சிகளைப் போல இலையில் இல்லாமல் பெரும்பாலும் மண்ணில் முட்டையிடும் என்பதால், ஏற்கெனவே அது இருக்கும் பாத்தியில் வலை போட்டால் எதிரியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். வலை போடும் முன் களையெல்லாம் எடுத்து, பாத்தியைக் கிளறிவிட்டு ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். காட்டுக்கடுகுச் செடி ஒன்றுகூடப் பக்கத்தில் நிற்கக் கூடாது, அதில் பக்ராடாவும் இருக்கும், கருப்பு அழுகலும் இருக்கும்.

தண்ணீர் எப்போதும் வேரில்தான் விட வேண்டும், இலையில் படவே கூடாது. காலையில் ஈர இலையோடு இருக்கும்போது செடிக்குள் கை வைக்காதீர்கள். டர்பனில் குளிர்காலத்தில் மழை குறைவு, எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் நிற்பதும் உண்டு. பூ கட்டும் நேரத்தில் மண் காய்ந்தால் பூ சிறுத்துப்போகும். கூரையிலிருந்து ஜோஜோ டேங்குக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தது கைகொடுத்தது. முதல் வருஷம் தண்ணீர் பில்லே 600 ரேண்ட் கூடுதலாக வந்தது, இந்த வருஷம் அது இல்லை. காய்ந்த புல்லை மூடாக்காகப் போட்டேன், மண் தெறித்து அடி இலையில் படாமல் இருக்கவும் அது உதவியது.

செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விட்டு 40 நாற்று நட்டேன். ஓரம் மஞ்சளாக ஒன்று தெரிந்தது, அன்றே அதையும் அதன் இரு பக்கத்துச் செடிகளையும் பிடுங்கித் தண்டை வெட்டிப் பார்த்தேன். கறுப்பு இல்லை. வீணாகப் பிடுங்கிவிட்டோமே என்று எனக்கு வருத்தமே வரவில்லை. வலை, விதை, சுண்ணாம்பு, தெர்மாமீட்டர் எல்லாம் சேர்த்து 900 ரேண்டுக்குள் முடிந்தது, மண் பரிசோதனை தனி. ஜூலையில் முப்பதுக்கும் மேல் பூ எடுத்தோம், பெரிது அரைக் கிலோவுக்குக் கிட்டே வந்தது. முதல் பூவை மகன் கையால் வெட்டச் சொல்லி, அதை நேரே வேலி தாண்டி ஆன்ட்டிக்குக் கொடுத்தனுப்பினேன். அவரும் இப்போது என் ஃப்ளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போய்த்தான் கோஸ் விதை போடுகிறார்.

பூவை வெட்டும்போது மொட்டுகள் இறுக்கமாக, ஒன்று ஒன்றாகப் பிரியாமல் இருக்க வேண்டும், மஞ்சள் துளி தெரிந்தால் நேரம் தாண்டிவிட்டது. காலையில் இலை ஈரம் உலர்ந்ததும், ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஜிக் தண்ணீரில் துடைத்துக்கொண்டு, தண்டைச் சாய்வாக வெட்டுங்கள். தட்டையாக வெட்டினால் அதில் தண்ணீர் நின்று அழுகும். செடியைப் பிடுங்காமல் விட்டால் பக்கக் கணுக்களில் சின்னச் சின்னப் பூக்கள் செப்டம்பர் வரை வந்துகொண்டே இருக்கும், எங்கள் வீட்டுப் பொரியலுக்கு அது தாராளம். தண்டையும் தோல் சீவி சாம்பாரில் போடலாம், நூக்கோல் ருசி இருக்கும். செப்டம்பரில் வெயில் ஏறி மஞ்சள் பூ விரிய ஆரம்பித்ததும் வேரோடு எடுத்துவிடுங்கள், விட்டு வைத்தால் பக்ராடாவும் அசுவினியும் அதில் குடியேறிவிடும். அடுத்த மார்ச்சுக்கு இதே பாத்தியிலும் கோஸ் வகை போட மாட்டேன், ப்ரோக்கோலியை அவரைக்காய் போட்ட பக்கத்துக்கு நகர்த்தப் போகிறேன். நோய் வந்த பழைய பாத்தியில் இப்போது வெங்காயம் நிற்கிறது, அதற்கு அடுத்து வெந்தயமும் கொத்தமல்லியும்.